மைனியிடம் சொன்ன பொய்

பிள்ளையை மைனியிடம், அதாவது அண்ணன் மனைவியிடம், விடாமலிருந்தது பாசமா, பொறாமையா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடலைக் காக்க வேண்டிய வெள்ளணுக்களே ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி மூளைக்குள் புகுந்து நரம்பின் உறையைச் சிதைக்கும் நோய். அவற்றை உள்ளே விடாமல் தடுக்க மாதம் ஒருமுறை மருந்து ஏற்ற வேண்டும். அன்றெல்லாம் என் இரண்டு வயது மகள் இராஜாக்கமங்கலத்தில் மைனியோடு இருப்பாள். ஒரு மாலை கூப்பிட்டும் என்னிடம் வரவில்லை.

“ஏட்டி, ஒனக்க அம்மையல்லா, போ மக்கா,” என்று மைனி சிரித்தாள்.

மைனி குளத்தில் குளிப்பாட்டியதால் பிள்ளைக்குச் சளி விடவில்லை என்று அவளிடமே பொய் சொல்லி, பிள்ளையை அங்கே விடாமல், இரண்டு மாதம் மருந்து ஏற்றப் போகாமலிருந்தேன். மூன்றாம் மாதம் இடதுகால் மரத்துவிட்டது.

“நான் குளத்துக்குக் கொண்டு போனதுனாலல்லா ஒனக்கு இப்படி ஆச்சு,” என்று அழுதபடி மைனி என் காலைத் தேய்த்தாள். அப்போதும் மகள் அவள் முதுகில் தொங்குவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

உண்மையைச் சொன்னால் மைனி என் பிள்ளையை மறுபடி தூக்குவாளா? சொல்லவா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள்.