அந்த அண்ணனிடம் சொன்ன பொய்

மூன்று வருடங்களுக்கு முன்னால் திண்டுக்கல்லில் ஒரு அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். பல வருடமாக வேலையில்லாதவர்களுக்கென்று அங்கே ஓர் உதவி மேசை போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், பயிற்சி மையம் என்று அவர்களை அலையவிடாமல், எல்லா இடத்திலும் நாங்களே பேசி, பேப்பர்களை ஒன்றுசேர்த்து, ஒரு வேலையில் சேர்த்துவிட வேண்டும். 'நாங்கள்' என்பது பேச்சுக்குத்தான். மேசையில் இருந்தது நான் ஒருத்தி.

சாணார்பட்டிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். நூல் மில்லில் மெஷின் ஓட்டியவர். மில்லை மூடி ஒன்பது வருடம். அதற்கப்புறம் எதுவும் நிலைக்கவில்லை. மனைவி பூப்பறிக்கப் போய்த்தான் வீடு ஓடியது. நாற்காலியைக் காட்டியும் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"மக ஸ்கூல் பாரத்துல அப்பா என்ன வேலைன்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். முன்னெல்லாம் என்ன எழுதட்டும்னு கேக்கும். இப்பக் கேக்குறதையும் நிப்பாட்டிருச்சு."

ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாத வகுப்பு இருந்தது. முடித்தால் மெஷின் பராமரிப்பு வேலை உறுதி. அவருக்கென்றே வைத்தது போலிருந்தது. ஆதாரில் இனிஷியல் தப்பாக இருந்தது, அதைத் திருத்தினோம். கண் பரிசோதனை முடித்து, கண்ணாடி வாங்கி, உடல்தகுதிச் சான்றும் வந்தது. மில்லில் வேலை பார்த்ததற்கான சான்று மட்டும் வரவில்லை. முதலாளி ஊரைவிட்டே போயிருந்தார். எங்கெங்கோ கடிதம் எழுதினேன். எல்லாம் சேர்ந்ததும் மொத்தமாகக் கொடுக்கலாமென்று ஃபைலை என் மேசை டிராயரில் வைத்திருந்தேன். செவ்வாய்தோறும் தேய்த்த சட்டையோடு வந்து, "வந்துருச்சா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

நாலு மாதம் கழித்து அந்தச் சான்று கிடைத்தது. சந்தோஷத்தில் நானே ஃபைலை எடுத்துக்கொண்டு பயிற்சி மையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் புரட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏம்மா, இவருக்குப் போன வாரமே நாப்பத்தஞ்சு முடிஞ்சிருச்சே. வயசு தாண்டுனா கம்ப்யூட்டர் எடுக்காது."

மில் சான்றுக்காகக் காத்திருந்ததைச் சொன்னேன்.

"அதைச் சேந்தப்புறம் குடுத்தாப் போதுமே. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்ல?"

நான் கேட்கவில்லை. பிறந்த தேதியையும் பார்க்கவில்லை. மேலதிகாரியிடம் கெஞ்சினேன், மனு எழுதினேன், ஒன்றும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வந்தார். உண்மையை அப்படியே சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்திருந்தேன். வயது தாண்டிவிட்டது என்றதும் அவர் கேட்டார்.

"முன்னாடியே குடுத்திருந்தா சேத்திருப்பாகளா மேடம்?"

"இல்லண்ணே. அப்பவும் கஷ்டந்தான்."

எப்படி அந்த வார்த்தை வந்ததென்று இன்றுவரை தெரியவில்லை. அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

"அப்பச் சரி. நாமதான் எங்கயோ கோட்டை விட்டுட்டமோன்னு நெனச்சேன். எனக்காக நீங்களும் இம்புட்டு அலஞ்சிருக்கீக." கைகூப்பிவிட்டு ஃபைலை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. போன் அணைந்தே கிடந்தது. மனசு கேட்காமல் ஒருநாள் வீட்டைத் தேடிப் போனேன். பூட்டியிருந்தது. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாராம். அவர் எங்கே போனார் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியவில்லை. திரும்பி வரப் பஸ் ஏறியபோது, அவரிடம் உண்மையைச் சொல்ல இனி வழியே இல்லை என்பது உறைத்தது.

ஒப்பந்தம் முடிந்து நானும் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். அவர் வாழ்க்கையையே புரட்டிப் போட்ட என் தவறுக்கு அவரையே நன்றி சொல்ல வைத்து, அதை வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தேனே, அதற்கு என்ன செய்தாலும் ஈடாகாது என்ற நினைப்போடுதான் இன்றும் வேலைக்குப் போய் வருகிறேன்.