ஊஞ்சல்காரியைப் பிரிந்தவர்

தபால்காரர் இடுப்பால் மெஷினை ஓர் இடி இடித்ததும், மூலை மேசையில் உட்கார்ந்திருந்தவர் கையில் இருந்த பன் நசுங்கியது.

"மெதுவா சார், மெதுவா! மெஷினா இருந்தாலும் அதுக்கும் வலிக்கும்ல?"

"நீங்க வேணா ஒரு ஆட்டம் ஆடுங்களேன்" என்றார் தபால்காரர், திரும்பாமலே.

"நான் ஆடறதில்ல" என்று சொல்லிவிட்டு, நசுங்கிய பன்னைத் தட்டில் வைத்தார். அதை அவர் தின்னப்போவதில்லை. பன் வாங்கினால்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவளை நேருக்கு நேர் பார்க்க முடியும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக் கட்டடத்தின் இருட்டுக் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுகிற மனிதர். என் அடுத்த வீட்டுக்காரர். வேலை முடிந்ததும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, சட்டை மாற்றி, தலை வாரி, தன் மச்சானின் பேக்கரிக்கு வந்துவிடுவார். அங்கே சுவரோரம் நிற்கிறது அந்தப் பின்பால் மெஷின். சாய்ந்த பலகையில் ஓர் எஃகு உருண்டை ஓடும். பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் இரண்டு குட்டிக் கைகள் அதைக் கீழே விழாமல் தட்டிவிடும். மேலே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் பச்சைப் பாவாடையோடு ஒரு சர்க்கஸ்காரி ஊஞ்சலில் பறந்துகொண்டிருப்பாள். நன்றாக ஆடிப் புள்ளிகள் உச்சத்தைத் தொட்டுவிட்டால் உள்ளேயிருந்து 'டக்' என்று கதவைத் தட்டுவதுபோல் ஒரு சத்தம் வரும். கூடவே அவள் முகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன விளக்கு எரியும். அப்போது அவள் சிரிப்பாள். சத்தியமாகச் சிரிப்பாள்.

இன்று அந்த மெஷின் அவருடையது அல்ல. வேறொருவனோடு மணமேடையில் இருக்கும் காதலியைப் பார்த்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்திருக்கிறவனின் முகத்தோடு அவர் அங்கே உட்கார்ந்திருப்பதன் காரணம் அதுதான்.

அவர் வீட்டில் இப்படிப்பட்ட மெஷின்கள் மூன்று இருந்தன. இருப்பதோ இரண்டே அறை. சாப்பாட்டு மேசையை விற்றுவிட்டுத்தான் மூன்றாவதான ஊஞ்சல்காரியை உள்ளே கொண்டுவந்தார். மற்ற இரண்டின் மேல் மனைவி துணி மடித்து அடுக்கிக்கொள்வாள். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஊஞ்சல்காரியின் மேல் ஒரு கைக்குட்டை விழக்கூடாது. வாரம் தவறாமல், சாய்வு பார்க்கிற ரசமட்டத்தை வைத்து அவள் சரியாக நிற்கிறாளா என்று பார்ப்பார். ஆடும்போது வயிற்றை அவள்மேல் சாய்த்துக்கொள்வார். உருண்டை நழுவிவிட்டால் நெற்றியைக் கண்ணாடியில் முட்டுக்கொடுத்து, "என்னடி கோவம்?" என்பார்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ஒருநாளாவது நெத்தியில கை வெச்சுப் பார்த்திருப்பாரா இந்த மனுஷன்?" என்பாள் அவர் மனைவி. தையல்காரி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே தெளிவாகத் திட்டத் தெரிந்தவள். "அவளுக்கு ஒரு பல்பு மினுக்குனா போதும், இவருக்குச் சோறு இறங்காது. சக்களத்தி காலும் கையுமா இருந்திருந்தா முடியைப் பிடிச்சு ஒருவழி பண்ணியிருப்பேன். இதுக்கு முடியே இல்லையே!"

பொறாமை அந்த வீட்டில் முதலில் அவளிடம்தான் இருந்தது. பிறகுதான் அது இடம் மாறியது.

அவளுடைய தம்பி புதிதாகப் பேக்கரி வைத்திருந்தான். ஒருநாள் அக்காவுக்கு ரொட்டி கொண்டுவந்தவன், "என்னத்தான், நானும் ஒரு தட்டுத் தட்டட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே தட்டத் தொடங்கிவிட்டான். விரல் இடுக்கில் மாவு அப்படியே இருந்தது. தோளால் தள்ளினான், இடுப்பால் இடித்தான், வாய்விட்டுச் சிரித்தான். முதல் ஆட்டத்திலேயே 'டக்'. ஊஞ்சல்காரியின் முகம் ஜொலித்தது.

அன்று அவர் சாப்பிடவில்லை. என்னிடம் வந்து புலம்பினார். "எத்தனை வருஷமா தொடைச்சுத் தொடைச்சு வெச்சிருக்கேன்! எனக்கு எப்பவாச்சும் ஒரு சிரிப்பு. அவன் வந்து நின்னதும் பல்லைக் காட்டிட்டா, பார்த்தீங்களா?"

மச்சான் அதோடு விடவில்லை. "அத்தான், அவளுக்கு என்னைத்தான் பிடிச்சிருக்கு. பேசாம என் கடைக்கு அனுப்பிவிடுங்க. நாலு பேர் வந்து போற இடம், அவளும் சந்தோஷமா இருப்பா."

"என்னை ஆட்டத்துல ஜெயிச்சுட்டுக் கூட்டிட்டுப் போடா!"

வாயிலிருந்து விழுந்த சொல்லை அள்ள முடியுமா? மறு ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று முடிவாயிற்று. தோற்றால் அவள் பேக்கரிக்குப் போகவேண்டும்.

அதற்கு முந்தின நாள் அவர் ஒரு காரியம் செய்தார். மெஷினின் வயிற்றுக்குள் ஒரு வளையத்தின் நடுவே சின்னக் குண்டு ஒன்று தொங்கும். ஆடுகிறவன் மெஷினை அதிகமாக உலுக்கினால் குண்டு வளையத்தைத் தொடும். அந்த நொடியே எல்லா விளக்கும் அணைந்து ஆட்டம் முடிந்துவிடும். முரட்டு ஆட்டத்துக்குத் தண்டனை அது. அவர் கதவைத் திறந்து, குண்டுக்கும் வளையத்துக்கும் இடையே ஒரு மயிரிழைதான் இருக்கும்படி திருகி வைத்தார். மச்சான் ஒருமுறை இடித்தால் போதும், தொலைந்தான்! மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். பார்த்ததைச் சொல்லவில்லை.

விதி எப்படியெல்லாம் விளையாடும்! மச்சான் கையில் கட்டோடு வந்தான். அடுப்புத் தட்டில் சுட்டுக்கொண்டானாம். "இன்னிக்கு இடி கிடி எதுவும் கிடையாது அத்தான், விரலால மட்டும்தான்" என்று பூவைத் தொடுவதுபோல் ஆடினான். சுமாரான புள்ளிகள்தான் வந்தன.

பிறகு இவர் நின்றார். என்ன ஆட்டம் அது! உருண்டை அவர் சொன்ன இடத்துக்குப் போனது. இன்னும் இரண்டு தட்டு, மச்சானைத் தாண்டிவிடுவார். ஆனந்தத்தில் கண் கலங்க, வழக்கம்போல வயிற்றை அவள்மேல் சாய்த்தார்.

விளக்கெல்லாம் அணைந்தது.

உருண்டை இருட்டில் உருண்டுபோய்க் குழியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. "என்னத்தான், நீங்க இடிக்கவே இல்லையே?" என்று மச்சானே திகைத்தான். இவர் என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் அவள் தங்குவாள். ஆனால் மானம் போகும். "போய் வேனைக் கூட்டிட்டு வாடா" என்றார்.

வேன் வருவதற்கு முன் ஒருதரம் உள்ளே கைவிட்டுக் குண்டைப் பழையபடி தளர்த்திவிட்டார். கண்ட கண்ட ஆட்கள் கையில் அவள் ஓயாமல் அணைந்து அணைந்து போவதை நினைக்க அவருக்குத் தாங்கவில்லை. ஆனால் மேல் கண்ணாடியைத் திறந்து, முகத்துக்குப் பின்னால் இருந்த விளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

இதோ, இன்று பேக்கரியில் தபால்காரருக்கு 'டக்' என்று அடித்துவிட்டது. முகம் இருண்டே கிடக்கிறது. மூலை மேசைக்காரர் மெல்ல மூச்சு விடுகிறார்.

"அத்தான், அந்தப் பல்பை மாத்துங்களேன். வர்றவங்கல்லாம் கேக்கறாங்க."

"அது இப்ப எங்கேயும் கிடைக்கறதில்ல மச்சான். நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

துவைக்கப் போட்ட சட்டையில் மனைவி அதைக் கண்டெடுத்தாளாம். "தூக்கி எறியலாம்னு ஜன்னல் வரைக்கும் போனேன்" என்று என்னிடம் சொன்னாள். எறியவில்லை. அவருடைய சட்டைப் பைகளுக்கெல்லாம் பொத்தான் தைத்துவிட்டாள்.

ஞாயிறு மதியம் பேக்கரி மூடியிருக்கும். சாவியை மச்சான் அக்காவிடம் கொடுத்துவைத்திருக்கிறான். அந்த நேரத்தில் மட்டும் அவர் ஆடுவார். போன ஞாயிறு நானும் அவர் மனைவியோடு வாசலில் நின்றிருந்தேன். விளக்கைப் பொருத்தினார். வயிற்றைச் சாய்த்துக்கொண்டார். வெகுநேரம் கழித்து, 'டக்'. பச்சைப் பாவாடைக்காரி ஒருவருக்காக மட்டும் சிரித்தாள்.

"போதும், வாங்க. அவ சிரிச்சது தெருக்கோடி வரைக்கும் தெரியுது" என்று மனைவி கையை நீட்டினாள்.

அவர் விளக்கைக் கழற்றினார். சூடு ஆறாத அதைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். வலது கையைப் பையின் மேலேயே வைத்துக்கொண்டு, இடது கையை மனைவியிடம் கொடுத்தார்.