தொலைந்துபோன மெல்லினம்

டெலிபோன் ஆபரேட்டருக்கு முகம் வேண்டாம், குரல் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் எங்களை வேலைக்கு எடுத்தார்கள். அந்தக் குரலில் பாதி மூக்கிலிருந்து வருகிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மூக்கடைப்போடு குடித்தனம் நடத்தும் அன்பர்களே, உங்களில் ஒருத்தியாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நான் புதுச்சேரி எக்ஸ்சேஞ்சில் டிரங்க் போர்டில் இருந்தேன். வெளியூர்க் கால்களை இணைக்கிற வேலை. ஒரு பக்க மூக்கில் சரியாக மூச்சு வரவில்லை என்று ஒரு டாக்டரிடம் போனேன். உள்ளே தண்டு வளைந்திருக்கிறது, நிமிர்த்திவிடலாம் என்றார். நிமிர்த்தினார். காயம் ஆறும்போது உள்சதை தண்டோடு போய் ஒட்டிக்கொண்டது, அதுவும் இரண்டு பக்கமும். முன்பு ஒரு பக்கம்தான் அடைப்பு. இப்போது பாரபட்சமே இல்லை.

மூச்சை வாயால் விட்டுச் சமாளிக்கலாம். பேச்சை என்ன செய்வது? மெல்லினம் மூக்கில் பிறக்கும் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து பத்துக்கு எட்டு மார்க் வாங்கியவள் நான். பிறக்கிற இடத்தை அடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அந்தப் பாடத்தில் இல்லை. நான் 'ம' என்றால் 'ப' என்று விழுந்தது, 'ந' என்றால் 'த' என்று விழுந்தது. வீட்டில் "அம்மா" என்று கூப்பிட்டால் அப்பா எழுந்து வந்து, "இன்னாம்மா, கூப்ட்டியா?" என்பார்.

புத்தியால்பேட்டை

சேலத்திலிருந்து ஒரு நூல் வியாபாரி முத்தியால்பேட்டையில் ஒரு கடையோடு பேசக் கேட்டார். இடத்தை ஒரு தடவை சொல்லிச் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். "முத்தியால்பேட்டைதானே சார்?" என்றுதான் நான் சொன்னேன். அவர் காதில் விழுந்தது புத்தியால்பேட்டை. எந்தப் பேட்டை என்று மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் புத்திதான் போய்ச் சேர்ந்தது.

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஏம்மா, நெசமாவே அப்படி ஒரு பேட்டை இருக்குதா? எங்க வீட்ல ரெண்டு பேர அனுப்பி வெக்கணும்."

மாலாவும் பாலாவும்

அந்தக் காலத்தில் பி.பி. கால் என்று ஒன்று உண்டு. நம்பரோடு ஆளின் பெயரையும் கொடுத்துவிட வேண்டும். அந்த ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு லைனில் நிறுத்துவது ஆபரேட்டரின் பொறுப்பு. முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் மெட்ராஸுக்கு இப்படி ஒரு கால் போட்டார். மனைவி மாலா சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். சமாதானம் பேச வேண்டுமாம்.

நான் மாலாவைக் கேட்டேன். அங்கே பாலா என்று கேட்டிருக்கிறது. மாமனார் பெயர் பாலசுந்தரம். அவர் வந்து ரிசீவரை எடுக்க, மாப்பிள்ளை "அலோ"வுக்குக்கூடக் காத்திராமல், "கண்ணு, கோவிச்சிக்காத கண்ணு, தப்பு பூரா எம்மேலதான்" என்று ஆரம்பித்துவிட்டார். மாமனார் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அந்த மனிதர் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் செய்து என்னைக் கேட்டார். வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டேதான் லைனுக்கு வந்தேன். அவர் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "மாமனாரே மனசு எளகி மாலாவ கூட்டியாந்து உட்டுட்டு போயிட்டாரும்மா. நீ மூக்க கீக்க சரி பண்ணிடாத, அடுத்த சண்டைக்கும் வேணும்."

முசியேவின் தீர்ப்பு

பிரெஞ்சு ராணுவத்தில் சேவகம் செய்து ஓய்வுபெற்ற ஒருவர், பாரிஸில் இருக்கும் மகளோடு பேச மாதம் ஒரு கால் போடுவார். நாங்கள் பிரெஞ்சு மரியாதையில் முசியே என்றுதான் கூப்பிடுவோம். என் பக்கத்து சீட்டுத் தோழி செல்லம், என் பேச்சுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்கும் சாக்கில், "இவ மூக்கால பேசுறா முசியே, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "மூக்கால பேசுறது எப்படின்னு எனக்குத் தெரியும் மத்மசேல், முப்பது வருஷம் பிரெஞ்சு பேசினவன். இந்தப் பொண்ணு மூக்கே இல்லாம பேசுது."

கெடு

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். ஆனால் எல்லாரும் சேலத்து வியாபாரி இல்லை. சாவுச் செய்தி சொல்ல வந்தவர்களும் உண்டு. அவர்களை நாலு தடவை பெயர் கேட்க வைத்தபோது எனக்கே என்மேல் வெறுப்பு வந்தது. புகார் ஃபைல் தடித்துக்கொண்டே போனது.

கால் விவரம் எழுதுகிற சீட்டுக்கு டிக்கெட் என்று பெயர். பழைய டிக்கெட்டுகளைக் கட்டி அடுக்கிவைக்க ஜன்னலில்லாத ஓர் அறை உண்டு. என்னை அங்கே மாற்றப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அழுதேன். அந்த போர்டில் உட்கார்ந்து காதில் ஹெட்செட்டை மாட்டினால்தான் நான் நானாக இருந்தேன். சூப்பர்வைசர் லூர்தம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உன்ன அனுப்ப எனக்கு மட்டும் ஆசையாடி? மூணு மாசம் நிறுத்தி வெக்கிறேன். மூக்கோட வா."

மாம்பழம்

இரண்டாவது ஆபரேஷன் என்றதும் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். முதல் தடவை இருந்ததும் போயிற்று, இனி மூக்கு முகத்தில் தங்குமா என்று அம்மா கேட்டாள். எனக்கும் அதே பயம்தான். வேறொரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவர் என் மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, "மாம்பழம் சொல்லுங்க" என்றார். சொன்னேன். விட்டுவிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டு தடவையும் 'பாப்பழப்' என்றுதான் வந்தது.

ஒட்டியதைப் பிரித்து, மறுபடி ஒட்டாமல் இருக்க நடுவில் பிளாஸ்டிக் தகடு வைத்து, பத்து நாள் கழித்து எடுக்கலாம் என்றார். பழைய குரல் அப்படியே வரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்துப்போயிற்று. கையெழுத்துப் போடும்போதுதான் அவர் சிரித்தார். "புடிச்சாலும் விட்டாலும் ஒண்ணா இருக்கே, இவ்ளோ நாளா இத எதுக்கும்மா சுமந்துட்டு இருந்தீங்க?"

லைனில் இருங்கள்

மரத்துப்போக ஊசி போட்டார்கள். வலி இல்லை, ஆனால் நினைவு முழுசாக இருந்தது. தேங்காயை உரிப்பது போல உள்ளே என்னவோ பிய்கிற சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்டது. பயத்தில் நான் உளற ஆரம்பித்துவிட்டேன். எத்தனை வருஷப் பழக்கம்! "லைன்ல இருங்க, லைன்ல இருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மா கையை நிறுத்தாமல் பதில் சொன்னார். "நான் லைன்லதான் இருக்கேன். நீங்க கட் பண்ணிட்டு எழுந்து ஓடாம இருந்தா போதும்."

செல்லத்தின் டிபன் பாக்ஸ்

தகடுகளை எடுத்த மறுநாள் வேலைக்குப் போனேன். காலையிலேயே லூர்தம்மாவைப் பார்க்க தைரியம் இல்லை, மதியம் மெதுவாகச் சாப்பாட்டு அறைக்குப் போனேன். கதவைத் திறந்ததும் மூக்கில் ஒன்று அறைந்தது. செல்லம் வீராம்பட்டினத்துப் பெண். மீன் இல்லாமல் சோறு இறங்காது. அந்த அறை முழுக்கக் கருவாட்டுக் குழம்பு மணத்தது. வாசலிலேயே நின்று இழுத்து இழுத்து மூச்சு வாங்கினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மீனா இது, கருவாடா?" என்று கேட்டேன். இரண்டு மெல்லினமும் அதனதன் இடத்தில் விழுந்தன. செல்லம் கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். பிறகு விலகி நின்று முறைத்தாள். "ஒன்றர வருஷமா நீ மூக்க சுளிக்காம என் பக்கத்துல உக்காந்தது பிரியத்துலன்னு இல்ல நெனச்சேன்!"

மாலா

மத்தியானம் லூர்தம்மா இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு என் பின்னால் நின்றார். இந்த ஒரு காலில் போர்டா, டிக்கெட் அறையா என்பது தெரிந்துவிடும். விளக்கு எரிந்தது. பிளக்கைச் செருகினேன். பேசியது முத்தியால்பேட்டைக்காரர்! மறுபடி சண்டையாம், மெட்ராஸுக்கு அதே பி.பி. கால். மெட்ராஸைப் பிடித்தேன். ஒருமுறை மூச்சை இழுத்தேன், மூக்கு வழியாக. "மாலா அவர்களோடு பேச வேண்டும்" என்றேன். "மாலாதான் பேசுறேன்" என்று மறுமுனை உடனே சொன்னது.

லூர்தம்மா ஹெட்செட்டைக் கழற்றினார். என் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டு, புகார் ஃபைலை எடுத்துக்கொண்டு போய் டிக்கெட் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார். மூன்று நிமிஷக் கால் முடிவதற்குள் முத்தியால்பேட்டைக்காரர் மறுபடி லைனில் வந்தார். குரலில் பழைய குளிர்ச்சி இல்லை. "இன்னாம்மா நீ, அவளையே கூப்ட்டு உட்டுட்டியே! போன தபா மாதிரி மாமனார குடும்மா."

மூக்கை நேராக்க எனக்கு இரண்டு ஆபரேஷன் ஆயிற்று, நேராக்கிய பிறகு என்மேல் வந்த முதல் புகார், மாலா என்றால் மாலாவே வருகிறாள் என்பதுதான்.