மூன்றாவது பாட்டுக்குப் பிறகு அப்பா

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "வேற வேலை இல்லையா உங்களுக்கு?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறவள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் நம்புங்கள் என்று கெஞ்சப் போவதில்லை, நடந்ததைச் சொல்கிறேன், சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டுகஸ்தோட்டையில் இந்த வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவை ஆறு வருஷம் பார்த்தவள் நான்தான். குளிப்பாட்டி, ஊட்டி, எல்லாம். வத்தளையில் இருக்கிற தம்பி சேவியர் கிறிஸ்மஸுக்கு ஒரு தடவை கேக்கோடு வருவான். ஆனால் நான் சோற்றைப் பிசைந்து வாயருகே கொண்டுபோகும்போதெல்லாம் அப்பா கேட்டது ஒன்றுதான்: "தம்பி சாப்பிட்டானா?" நீ சாப்பிட்டியா என்று, மாதா சத்தியமாக, ஒரு நாள் கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து சாப்பிட்ட கையோடு நம்ம தம்பித் துரை வாயைத் திறந்தார். "அக்கா, அப்பாவோட பழைய பாட்டு ரெக்கோட் எல்லாத்தையும் சீடியில போட்டுத் தாங்களேன். என் வேன்ல சீடி மட்டுந்தான் ஓடும். உங்ககிட்ட கம்ப்யூட்டர் இருக்குத்தானே."

செத்த பிறகும் ஊழியம் எனக்குத்தான், பார்த்தீர்களா?

ஒரு சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். முதலில் புத்திகெட்டுப்போய் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கை வைத்துப் பதிந்தேன். பாட்டோடு பஸ் ஹோர்ன், மீன்காரர் "மாளு, மாளு" என்று கத்தினது, என் குக்கர் விசில் எல்லாம் விழுந்துவிட்டது. அத்தனையையும் அழித்துவிட்டு, ரெக்கோட் பிளேயரிலிருந்து கம்ப்யூட்டருக்கு நேரே வயர் கொடுத்துத் திரும்பப் பதிந்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், வயர் மட்டும்தான், மைக் கிடையாது, வீட்டுச் சத்தம் உள்ளே போக வழியே இல்லை.

பதிந்ததைப் போட்டுக் கேட்டேன். மூன்றாவது பாட்டு முடிந்து ஊசி கரகரக்கிற இடைவெளியில், அப்பா. சளி கட்டிய அதே குரல். "தம்பி சாப்பிட்டானா?"

பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கல்லறைக்குப் போயும் அவன் வயிறுதானா! அந்தத் துண்டையே வெட்டி எறிந்தேன், திரும்பப் போட்டேன், குரல் இருக்கிறது. மூன்று தடவை வெட்டினேன். கடைசியில், "கொண்டு போடா, உன்னைத்தான் தேடுறாரு" என்று அதே பதிவிலிருந்து இரண்டு சீடி அடித்து ஒன்றை அவனுக்கு அனுப்பினேன்.

நாலு நாள் கழித்து மத்தியானம் போன் வந்தது. வேனை ஓரங்கட்டிவிட்டுப் பேசினான்.

"அக்கா, மூணாவது பாட்டு முடிய அப்பா பேசுறாரு, கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன். உன்னையத்தானே கேக்குறாரு."

"என்னையா? 'அக்கா சாப்பிட்டுச்சா'ன்னுல கேக்குறாரு! என்னையப் பத்தி ஒரு வார்த்தை இல்ல." அழுதுவிட்டான். "இந்தா, நீங்களே கேளுங்க" என்று போனை ஸ்பீக்கர் பக்கம் பிடித்தான்.

எனக்குக் கேட்டது "தம்பி சாப்பிட்டானா". அதே நொடியில் அவன், "கேட்டுச்சா? அக்கான்னுதானே சொல்றாரு?" என்கிறான்.

இதற்கு விளக்கம் இருந்தால் நீங்களே சொல்லுங்கள். அந்த மனுஷன் அதை உயிரோடு இருக்கையில் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? என் சீடி இன்னும் இருக்கிறது. ஒரு தடவையாவது "அக்கா" என்று என் காதில் விழாதா என்று போட்டுப் போட்டுக் கேட்கிறேன். இன்று காலையும் கேட்டேன். தம்பியைத்தான் விசாரிக்கிறார்.