ஜோடி ஜோடியாக வாங்கிய மீன்கள்

ஸ்ரீவைகுண்டத்தில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஐந்தடித் தொட்டி வந்ததே என் மனைவியின் இரண்டு ஏஞ்சல் மீன்களுக்காகத்தான். பொத்தான் அளவில் வாங்கி, சின்னத் தொட்டியில் அவள் வளர்த்தவை. பெரிய தொட்டியில் அவற்றுக்குத் துணை தேடுவது என் வேலை. அவள் நிபந்தனை ஒன்றுதான்: அந்த இரண்டுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது.

முறையாகத்தான் தொடங்கினேன். ஏஞ்சலின் வாய்க்குள் போகிற மீன் வேண்டாம். ஏஞ்சலை விழுங்குவதும் வேண்டாம். குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும். இத்தனையும் பார்த்துவிட்டு, திருநெல்வேலிக் கடையில் எல்லாவற்றிலும் ஜோடியாகக் கேட்டேன். முயலோ புறாவோ, எங்கள் பக்கத்து வீடுகளில் ஜோடியாகத்தான் வாங்குவோம். மேலே திரிய இரண்டு கௌராமி, நடுவே வரிபோட்ட இரண்டு டைகர் பார்ப், தரையில் மேய மீசை வைத்த இரண்டு கோரி.

"ஆணும் பொண்ணுமாப் பாத்துப் போடுங்க அண்ணாச்சி."

"அது அதுக்குத்தான் தெரியும் சார்" என்றார் கடைக்காரர்.

ஒரு வாரத்துக்குள் கோரிகள் ஃபில்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. பெரிய ஏஞ்சலின் கறுப்புக் கீழ்த்துடுப்பு நூல் நூலாகக் கிழிந்திருந்தது.

"இங்கன வந்து பாருங்க. இந்த வரி மீனு கடிச்சுத் திங்குது" என்றாள் மனைவி.

நாற்காலியைப் போட்டு, மாலை முழுவதும் டைகர் பார்ப்களைக் கவனித்தேன்.

"ரெண்டும் ஒண்ணையொண்ணு விரட்டி அலுத்த பொறவுதான் ஏஞ்சல்கிட்ட வருது. கூட்டமா வாழுத மீனு போல. இன்னும் எட்டு போட்டா, தங்களுக்குள்ளயே அடிச்சிக்கிட்டு இதை விட்டுரும்னு தோணுது."

"உங்களுக்குத் தோணுததை எல்லாம் செஞ்சு பாக்க என் மீன்தான் கெடச்சுதோ?"

மறுநாள் பார்ப் இரண்டையும் பஸ்ஸில் திரும்பக் கொண்டுபோனேன்.

"ஜோடி பிரிஞ்சிருச்சோ?" என்று சிரித்தார் கடைக்காரர்.

கடைத் தொட்டியில் கூட்டத்தோடு சேர்ந்ததும் அவை ஒன்றையொன்று துரத்துவதிலேயே மும்முரமாகிவிட்டன. நடுவில் ஓர் ஏஞ்சல் இருந்தால் விட்டுவைக்குமா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கூட்டமாக இருந்தால் சரியாகும் என்ற என் எண்ணத்தை, யாரையும் கடிக்காத கோரியில் சோதிக்கலாமே என்று இன்னும் ஆறு வாங்கினேன். அவற்றைத் தொட்டியில் விட்ட அன்றே பழைய இரண்டும் வெளியே வந்தன. எட்டும் மீசையை ஆட்டிக்கொண்டு மணலைக் கிளறுவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மனைவி அதைப் பார்க்கவில்லை. தினமும் காலையில் ஏஞ்சலின் துடுப்பைத்தான் பார்த்தாள்.

"ஓரத்துல கண்ணாடி மாதிரி என்னமோ தெரியுது. சீக்கா?"

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நிறமில்லாத மெல்லிய விளிம்பு, கிழிசலை நிரப்பிக்கொண்டு வந்தது.

"வளருது" என்றேன்.

"நீங்க அப்படித்தான் சொல்லுவிய."

அந்த விளிம்பில் மெல்லப் பழைய கறுப்பு ஏறிய பிறகுதான் நம்பினாள்.