கமிஷனருக்கு விரித்த கம்பளம்

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்று நான் குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருக்க வேண்டும். திரும்பி வந்தபோது பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள். வேறெப்படியும் என்னால் அதை விளக்க முடியவில்லை. எங்கள் தெருவைத் தோண்டிப்போட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பியே வராதபோது, அது கிடக்கிற கோலத்தை வந்து பாருங்கள் என்று என் மதினி நகராட்சி வாசலில் மாதக்கணக்கில் நின்றார். ஒருவழியாகக் கமிஷனர் நேரில் வந்தார். அவர் வந்த அன்று, அந்தப் பள்ளங்களின் மேல் பலகை அடுக்கி, பலகையின் மேல் சிவப்புக் கம்பளம் விரித்தவன் நான். வேறு யாரோ செய்ததாகக் கேட்டிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். கம்பளம் இன்னும் என் கடையில்தான் சுருட்டிக் கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் பூச்சி அரித்துவிட்டது என்று பொய் சொல்லி அனுப்பிவிடுகிறேன்.

தென்காசிக்கு அடுத்தாற்போல் ஒரு சின்ன நகராட்சி எங்கள் ஊர். பெயரைச் சொல்லவில்லை, இருக்கிற பிழைப்பையும் கெடுத்துக்கொள்ள வேண்டாமே. பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுவது என் தொழில். கல்யாணம், சடங்கு, கோவில் கொடை, சாவு விழுந்த துஷ்டி வீடு எதுவானாலும் ஆள் அனுப்பினால் போதும், அரை நாளில் எந்த இடத்தையும் வேறு இடமாக மாற்றிக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. மதினி என்றது என் அண்ணன் மனைவியை. ரேஷன் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அரிசி வரவில்லை, சீனி வரவில்லை, நாளை வா என்று ஊரையே வரிசையில் நிறுத்தி வைத்திருந்த மனுஷி. எங்கள் பக்கம் கொழுந்தனும் மதினியும் கேலி பேசிக்கொள்ளாவிட்டால் ஏதோ பகை என்று அர்த்தம். எங்களுக்குள் அந்தப் பகை ஒரு நாளும் வந்ததில்லை. அவர் புகுந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவரைக் கேலி செய்வதும், அவர் ஒரே வார்த்தையில் என்னைச் சுருட்டி மூலையில் வைப்பதுமாக எங்கள் காலம் ஓடியது.

அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் மூன்று நாள் தென்காசிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஆட்டோ வீட்டு வாசலுக்கு வரும், ஏறுவார், போவார், துவண்டு திரும்புவார். அதுவரைக்கும் எப்படியோ சமாளித்தோம். அப்போதுதான் தெருவில் பொக்லைன் வந்து இறங்கியது. பாதாளச் சாக்கடைக்கு என்றார்கள். தோண்டினார்கள். குடிநீர்க் குழாய் உடைந்தது. குழாயைச் சரிசெய்ய இன்னொரு பக்கம் தோண்டினார்கள். அந்த ஆபீஸ் முடித்துக் கொடுத்தால்தான் இந்த ஆபீஸ் மூடும் என்றார்கள். ஒப்பந்தக்காரர் ஒரு நாள் எந்திரத்தை ஏற்றிக்கொண்டு போனவர்தான். தெரு, பல் பிடுங்கிய வாய் மாதிரிக் கிடந்தது. ஆட்டோ முனையிலேயே நின்றுவிடும். வீட்டிலிருந்து முனைவரை அண்ணனால் நடக்க முடியாது. கடையில் தேடிப் பார்த்ததில், ஆளை உட்காரவைத்துத் தூக்கத் தோதாகக் கைப்பிடி வைத்துச் செய்தது ஒன்றே ஒன்றுதான் இருந்தது: மாப்பிள்ளையை உட்காரவைக்கிற வெல்வெட் நாற்காலி. தங்கக் கலர் சிங்க முகம் இரண்டு பக்கமும். அதில்தான் அண்ணனை வைத்துத் தெருப் பையன்களும் நானும் தூக்கிக்கொண்டு போனோம்.

முதல் நாள் அண்ணன் உட்கார்ந்ததும் சிங்கத்தின் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏலே, எனக்கு ரெண்டாந்தாரம் பார்த்திருக்கியா? ஒங்க மதினிட்ட ஒரு வார்த்த கேட்டியாலே?" என்றார்.

"பொண்ணு கெடச்சா கூட்டிட்டுப் போவட்டும். எனக்கும் கொஞ்சம் ஓய்வாப் போவும்," என்று சொல்லிக்கொண்டே மதினி முன்னால் போய்க் கல்லையும் கம்பியையும் ஒதுக்கினார். முதுகு எங்கள் பக்கம் இருந்ததால் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

திங்கள்தோறும் மதினி நகராட்சிக்குப் போனார். கவுண்டருக்கு உள்ளே இருந்து பழகியவருக்கு வெளியே நிற்பது எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது, "ரேஷன் கடையில நீங்க செஞ்ச பாவம்தான் மதினி, வட்டியோட திரும்புது" என்று கேலி செய்தேன். அவர் சிரித்தார். எங்கள் வார்டு கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் அவருடைய போனை எடுப்பதும், கூட்டத்துக்குப் போவதும், கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காருவதும் அவர் வீட்டுக்காரர்தான். "சொல்லியிருக்கேன்க்கா, செஞ்சிரலாம்க்கா" என்பார். அந்த "க்கா"வில் இருக்கிற பாசத்தைக் கொண்டு ஒரு பள்ளத்தையாவது மூடியிருக்கலாம். இதற்கிடையில் ஆனி பிறந்து காற்று மாறியது. மேற்கே மலை மறைந்து, பொதிகைத் தென்றலும் சாரலுமாக இறங்கியது. ஊர் ஊராக வேன் பிடித்து ஜனங்கள் குற்றாலத்துக்கு வந்து அருவிக்கு அடியில் நின்று சந்தோஷத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். அதே சாரல் எங்கள் தெருவில் விழுந்து தோண்டிப்போட்ட மண்ணைக் களியாகக் கிண்டியது. ஒரு வெள்ளிக்கிழமை கோவிலில் இருந்து வந்த மதினி, ரகசியம்போல் என்னிடம் சொன்னார்:

"இந்த வருசம் சாரலே வேண்டாம் தாயேன்னு கேட்டுட்டு வாரேன் கொழுந்தனாரே. ஊர்க்காரன் காதுல விழுந்தா என்னைய வெட்டிப்போட்ருவான்."

எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்த ஒருவர் அப்படி வேண்டிக்கொள்வது எனக்குத் தெரிந்து நடந்ததில்லை. அன்று மட்டும் எனக்குக் கேலி வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவர் மனு எதுவும் கொண்டுபோகவில்லை. கமிஷனர் ஜீப்பில் ஏறப் போகும்போது கதவுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். நான் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "ஐயா, நீங்க எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். எங்க தெருவுல இந்த முனையில இருந்து அந்த முனை வரைக்கும் ஒரே ஒரு தடவ நடங்க. நடந்து பார்த்துட்டு, நல்லாத்தான் இருக்குன்னு நீங்க சொன்னியன்னா நான் இந்தப் பக்கமே வரமாட்டேன்," என்றார். கமிஷனர் இளவயதுக்காரர், வேறு மாவட்டத்திலிருந்து வந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வியாழக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார். வியாழன் அண்ணனுக்கு டயாலிசிஸ் நாள். அவரை ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவதாக மதினி கணக்குப் போட்டார். என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நான் வாரதுக்குள்ள கமிஷனரு வந்துட்டாருன்னா பேச்சுக் குடுத்து நிப்பாட்டி வையுங்க. உங்களுக்குப் பேசச் சொல்லியா குடுக்கணும்?"

பேச்சோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. கூரை ஒழுகுவதைக் காட்டத்தான் ஒருவரை அழைத்திருப்போம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள், ஒழுகுகிற இடத்தில் பீரோவை நகர்த்தி மறைத்துவிட்டு, உட்காருங்க, என்ன சாப்பிடுதிய என்று கேட்போம். அன்று காலையில் அண்ணனைத் தூக்கிக்கொண்டுபோய் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தபோது எதிர்வீட்டு அண்ணாச்சி தெருவைப் பார்த்துத் தலையில் கைவைத்து நின்றார். "ஏலே, அம்புட்டுப் பெரிய ஆபீசர் வாராரு. பேன்ட்ல சேறு அப்புச்சின்னா நம்ம தெருவுக்குல்லா கேவலம்!" என்றார். அது போதாதா எனக்கு? கடைப் பையன்களைக் கூப்பிட்டேன். மேடைப் பலகை வந்தது. பலகைமேல் கம்பளம் வந்தது. பெண்கள் குழிக்கு அக்கம்பக்கம் சுண்ணாம்புத் தூளும் பிளீச்சிங் பவுடரும் தூவி, கிடைத்த இடத்திலெல்லாம் கோலம் போட்டார்கள். ஒரு வீட்டில் சுக்குக் காபி கொதித்தது, இன்னொரு வீட்டில் வாழைக்காய் பஜ்ஜி. வாழைமரம் கட்டலாமா என்று ஒருவர் கேட்டார். அந்த அளவுக்கு நான் முட்டாள் இல்லை என்று மறுத்துவிட்டேன்.

கமிஷனர் சீக்கிரமே வந்துவிட்டார். நான் பொன்னாடை போர்த்தினேன். அவர் கம்பளத்தின்மேல் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் கும்பிட்டவர்களுக்குக் கும்பிட்டார், பஜ்ஜி நன்றாக இருப்பதாகச் சொன்னார். தெரு முழுக்க வாயெல்லாம் பல்லாக நின்றது. ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது? அவர் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மதினி பஸ் இறங்கி வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். கம்பளத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கமிஷனரின் பக்கம் திரும்பி, "ஐயா, அந்தப் பலகைய ஒரு தடவ தூக்கிப் பாருங்கய்யா," என்றார். அதற்குள் கமிஷனருக்குப் போன் வந்துவிட்டது. குற்றாலத்தில் யாரோ பெரிய மனிதர் குளிக்க வருகிறாராம். "நான் பயந்த அளவுக்கு இல்லம்மா, நல்லாத்தான் இருக்கு. இதைவிட மோசமான தெருவெல்லாம் இருக்கு. அதை முடிச்சிட்டு உங்களுக்கு வர்றோம்," என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். என் பொன்னாடை அவர் கழுத்திலேயே போய்விட்டது.

மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் இதை இவ்வளவு நீளமாக எழுதவேண்டி வந்திருக்காது. "பலகை எங்க போவணும்?" என்று மட்டும் கேட்டார். கீழப்பாவூரில் ஒரு கல்யாணம், சாயங்காலமே போயாக வேண்டும் என்றேன். "அப்ப எடுத்துட்டுப் போங்க. மத்தியானம் உங்க அண்ணன் வாரப்ப தூக்கதுக்கு ஆள் இருந்தாச் சரி," என்று உள்ளே போய்விட்டார். கல்யாணம் முடிந்து பலகை திரும்பியதும் கொண்டுவந்து போட்டேன்தான். பந்தல் பலகை ஒரு நாள் கூத்துக்கானது. மழைக்கு ஊறி, நடுவில் உப்பி, கால் வைத்த இடத்தில் அப்பளம்போல் உடைந்தது. கேலியாகப் பேசினாலும், தன் வாக்கைக் காப்பாற்றுகிறவர் மதினி. நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டால் வரமாட்டேன் என்றாரே, அதனால் அவர் போகவில்லை. அவருக்குப் பதிலாக நான் போனேன். கவுன்சிலர் வீட்டுக்காரர் போனில் ஒரு படத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். கோலம், கம்பளம், நடுவில் கமிஷனர், பக்கத்தில் ஈ என்று இளித்துக்கொண்டு நான். "கமிஷனரே நேர்ல பார்த்துட்டுப் போயிட்டாரு. இந்த ரோட்டுக்கா அண்ணாச்சி குறை சொல்லுதிய?" என்றார். என் பல்லே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும்போது நான் என்ன சொல்ல?

ஆடியில் ஒரு நாள் தூக்கிக்கொண்டு போகும்போது முன்னால் பிடித்திருந்த எனக்குக் கால் வழுக்கியது. நாற்காலி சாய்ந்து அண்ணன் பள்ளத்துக்குள் சரிந்துவிட்டார். பெரிய அடி இல்லை. சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி, "குற்றாலத்துக்குப் போவாமலே குளிச்சாச்சுலே," என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். மதினி சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சேறு போன பிறகும் துடைத்தார். அதற்கடுத்த முறை நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தபோது அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "வாரத்துக்கு மூணு தடவ மாப்பிள ஊர்கோலம் போவ எனக்கு வெக்கமா இருக்கு. நாளைக்குப் பார்ப்போம்," என்றார். மதினி கெஞ்சினார், மிரட்டினார், காலைப் பிடித்தார். போனது பாதி, போகாதது பாதி என்று ஆயிற்று. முகம் வீங்கியது. மூச்சு வாங்கியது. ஐப்பசியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஏற்கெனவே தளர்ந்த உடம்பு என்றார், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்றார். இருக்கலாம். தெருதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். கம்பளம்தான் காரணம் என்று நிச்சயம் எழுத மாட்டார். துஷ்டிக்கும் பந்தல் போட்டது நான்தான். அண்ணனைத் தோளில் வைத்து முனைவரை கொண்டுபோனோம். அன்று ஒரு நாள்தான் எங்கள் தெருவுக்குள் வண்டி வராதது யாருக்கும் குறையாகப் படவில்லை.

இந்த மாசியில், யாரும் கேட்காமலே, ஒரு காலையில் லாரிகள் வந்தன. பள்ளத்தை மூடினார்கள், ஜல்லி கொட்டினார்கள், பேவர் கல் பதித்தார்கள். வழவழவென்று ஒரு தெரு. பிள்ளைகள் சைக்கிளில் போய்ப் போய் வருகிறார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி கல்லில் விழுந்த காய்ந்த இலையைக்கூடக் குனிந்து பொறுக்குகிறார். கவுன்சிலர் வீட்டுக்காரர் என் கடைக்கே வந்து, திறப்பு விழாவுக்குப் பந்தல் போட வேண்டும் என்றார். சரி என்று சொல்லித் தொலைத்தேன்; புத்தி இதற்குள் முளைத்திருக்கும் என்று நினைத்தீர்களா? இந்தத் தெருவுக்காக அலைந்தது அக்காதான், அவங்கதான் ரிப்பன் வெட்டணும், நீங்களே கேட்டுச் சொல்லிருங்க என்றும் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

மதினி முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நான் எங்கள் பழைய தோரணையில், "மதினி, ஊரே உங்களத்தான் தேடுது. ஞாயித்துக்கிழம தெருவத் தொறக்காங்களாம். நீங்கதான் ரிப்பன் வெட்டணுமாம்," என்றேன். முறத்தை இரண்டு தட்டுத் தட்டினார். உளுந்துத் தோல் பறந்து புது ரோட்டின் பக்கம் போனது. தலை நிமிராமல் சொன்னார்:

"உங்க அண்ணனக் கூட்டிட்டு வாங்க, வெட்டுதேன்."