வாசலில் நான்கு படிகள்

போடிமெட்டுச் சாலையில் ஜீப்பிலிருந்து இறங்கும்போதுதான் என் வலது மணிக்கட்டு உடைந்தது. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தோட்டத்து வீட்டைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடத் தீர்மானித்திருந்தார். அதற்கு இணையதளம் செய்து தரும் வேலை எனக்கு வந்தது. போடியில் வீட்டில் உட்கார்ந்தபடியே கடைகளுக்கும் சின்னச் சின்ன நிறுவனங்களுக்கும் தளம் வடிவமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. அறைகளைப் படம் எடுக்கப் போன அன்று மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பாசிக் கல்லில் கால் வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தேனியில் முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். "கை கூடுற வரைக்கும் சோலியைத் தள்ளி வையி" என்றார் அம்மா. தள்ள முடியாது. அரையாண்டு லீவுக்குள் தளம் தயாராக வேண்டும். இடது கையால் மவுஸைப் பிடித்தால் அம்பு திரை முழுக்க ஓடி ஒளிந்தது. அதை ஒதுக்கிவிட்டு விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பொத்தானாக நகர ஆரம்பித்தேன்.

நான் பாதி முடித்திருந்த தளத்திலேயே அப்படி நகர முடியவில்லை. மேல் வரிசைப் பட்டியல் திறக்க மறுத்தது. படங்கள் தம் பாட்டுக்கு ஓடின. அறையைப் பதிவு செய்யும் பொத்தான் கண்ணெதிரே பச்சையாக நிற்கிறது, எத்தனை தட்டினாலும் அதனிடம் போய்ச் சேர வழியில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் கை சில வாரத்தில் கூடிவிடும். கூடாத கை உள்ளவர் இங்கே வந்து என்ன செய்வார்?

அதுவரை செய்ததைக் கலைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு என் தளத்தை நானே கேட்டேன். 'படம், படம், படம்' என்றது. ஒவ்வொரு படத்துக்கும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதினேன். பார்வை மங்கியவர்களும் படிக்கிற மாதிரி வெளிர்பச்சை எழுத்துகளைக் கறுப்பாக்கினேன். ஓடுகிற படங்களை நிறுத்தினேன்.

தோட்டக்காரர் பார்த்துவிட்டு போன் செய்தார். "என்ன தங்கச்சி, முன்னாடி ஜிகுஜிகுன்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்ப பெட்டிக்கடை போர்டு மாதிரில்ல இருக்கு?"

"கண்ணு தெரியாதவங்க, கை வராதவங்க எல்லாரும் இதுல ரூம் போடலாம்ணே."

"அவுக எதுக்கு இந்த மலை ஏறப் போறாக?"

"வழிய நாமளே அடைச்சு வச்சுட்டு, ஏன் வரலைன்னு கேட்டா எப்படிண்ணே?"

"தோட்டத்துல ஆளு கூப்புடுது" என்று போனை வைத்தார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கட்டுப் போட்ட கையோடு மறுபடி மலை ஏறினேன். சமையல் செய்கிற அக்கா அளவு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, கதவுகளின் அகலம், கட்டிலின் உயரம், குளியலறைக் கதவு நிலை எல்லாவற்றையும் அளந்தேன். வீட்டைப் பற்றி ஒரு தனிப் பக்கம் எழுதினேன். வாசலில் நான்கு படிகள் இருக்கின்றன, கைப்பிடி இல்லை, ஒரு குளியலறைக்குள் சக்கர நாற்காலி நுழையும், மற்றதில் நுழையாது என்று உள்ளது உள்ளபடி எழுதினேன். இதற்குத்தான் தோட்டக்காரரோடு போனில் பெரிய சண்டை வந்தது.

"நம்ம வீட்டுக் கொறைய நாமளே ஊருக்குச் சொல்லணுமா? பொண்ணு பாக்க வந்தவுககிட்ட, பொண்ணுக்குக் கோவம் சாஸ்தின்னு யாராச்சும் சொல்வாகளா?"

"அந்தப் பக்கம் இல்லாம நான் தளத்தைத் தர மாட்டேன்ணே. வேண்டாம்னா வேற ஆளை வச்சுச் செஞ்சுக்கங்க."

போன் வைக்கப்பட்டது. பல நாள் அழைப்பே இல்லை. கிடைத்த வேலையை வாயால் கெடுத்துக்கொண்டாயே என்று அம்மா புலம்பினார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். ஆனால் அந்தப் பக்கத்தை அழிக்க மனம் வரவில்லை. கடைசியில் அவரே கூப்பிட்டார். "சரி, என்னமோ எழுதிக்க. தேவாரம் ஊருப் பக்கம் யானை எறங்குதுன்னு மட்டும் எழுதிப்புடாத."

தளம் வெளியாகிக் கொஞ்ச நாளில், ஒரு காலை, அவரிடமிருந்து பதற்றமாக அழைப்பு. "ஆத்தா, மதுரையில இருந்து ஒரு டீச்சரம்மா ரூம் போட்டிருக்காக. சக்கர நாற்காலியாம். நாலு படின்னு படிச்சுட்டுத்தான் போட்டிருக்காக. வர்றதுக்குள்ள சாய்வா எதாச்சும் போட்டுத் தருவீங்களான்னு கேக்குறாக. என்ன சொல்லட்டும்?"

"போட்டுத் தர்றோம்னு சொல்லுங்கண்ணே."

நான் மலைக்குப் போனேன். முதலில் அவர், லாரியில் ஏலக்காய் மூட்டை ஏற்றும் பலகையைப் படிமேல் சாய்த்தார். தள்ளுவண்டியில் ஒரு மூட்டையை வைத்து ஏற்றிப் பார்த்தோம். வண்டி திரும்பி வந்த வேகத்தில் செம்பருத்திச் செடியோடு சேர்ந்து கவிழ்ந்தது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மனுசியை ஏத்துற சமாச்சாரம். சரியாச் செய்யணும்" என்றார். சாய்வு நீளமாக இருந்தால்தான் ஏறவும் இறங்கவும் முடியும் என்று சொன்னேன். வீட்டுப் பக்கவாட்டில் சுற்றி வருகிற மாதிரி சிமெண்டுச் சாய்தளம் கட்ட கொத்தனாரை வரவழைத்தார். கைப்பிடியும் வைத்தார். அதை நான் கேட்கவே இல்லை.

டீச்சரும் கணவரும் வந்த அன்று, கட்டுப் பிரித்த கையோடு நானும் மேலே இருந்தேன். டீச்சருக்கு நாற்பது வயது இருக்கும். பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறார். விரல்கள் மடங்காது. கணவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு சாய்தளத்தில் ஏறினார். வாசல் நிலையில் சக்கரம் லேசாக உரசியது, நுழைந்துவிட்டது. தோட்டக்காரர் அதுவரை அடக்கியிருந்த மூச்சை விட்டதை நான் கேட்டேன்.

கீழே போடி ஊர் வெயிலில் கிடந்தது. அதைப் பார்த்தபடியே டீச்சர் பேசினார். "எங்க போன் போட்டாலும் 'ஒரு பிரச்சினையும் இல்ல மேடம், வாங்க'ன்னுதான் சொல்வாங்க. போய் நின்னா படி இருக்கும். இவரும் ரூம்பாயும் என்னை மூட்டை மாதிரி தூக்குவாங்க. அதுக்கப்புறம் அங்க ரெண்டு நாள் எப்படிச் சந்தோஷமா இருக்கறது? நீங்க இருக்கறதை எழுதியிருந்தீங்க. அதை நம்பித்தான் கேட்டேன்."

ஒரு முக்காலியை அவர் அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவரே தொடர்ந்தார். "ஆனா உங்க தளத்துல ஒரு குறை இருக்கு. தேதி போடுற இடம். நான் குச்சியால தட்டித்தான் டைப் அடிப்பேன். ஒரு தட்டுத் தட்டினா அடுத்த மாசத்துக்குத் தாவிடுது. அங்க வந்து விட்டுட்டுப் போயிடலாமான்னு நெனச்சேன்."

மடிக்கணினியை அப்போதே அவர் முன்னால் வைத்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே குச்சியைப் பிடித்துக்கொண்டு அவர் தட்டிக் காட்ட, தேதி எங்கே தாவுகிறது என்று பார்த்தேன். மேகம் இறங்கினால் சிக்னல் போய்விடும். வரும்வரை காத்திருந்து காத்திருந்து, அவர்கள் கிளம்பும் முன் சரி செய்துவிட்டேன். தேதியை நேராகத் தட்டச்சு செய்யவும் ஒரு கட்டம் வைத்தேன். அவர் அதில் ஒரு தேதியைப் போட்டுப் பார்த்து, "இப்ப சொன்ன பேச்சைக் கேக்குது" என்றார்.

இப்போது எந்த வேலைக்கும் முதல் பேச்சிலேயே என் நிபந்தனையைச் சொல்லிவிடுகிறேன். எல்லோராலும் பயன்படுத்த முடிகிற மாதிரிதான் செய்வேன், அது தனிச் சலுகை இல்லை, வேலையின் பகுதி. ஒரு துணிக்கடைக்காரர் அதைக் கேட்டு எழுந்து போய்விட்டார். போகட்டும். நான் முடிக்கும் தளங்களை டீச்சர் சோதித்துத் தருகிறார், உரிய கூலி வாங்கிக்கொண்டு, ஈவு இரக்கம் இல்லாமல். போன வாரம் அனுப்பியதில் ஒரு பொத்தான் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையாம். இன்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.